வடக்கு மேலே

2007-ஆம் ஆண்டுக் கடைசியில் சிகாகோவின் புறநகரான நேப்பர்வில்லுக்கு வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன். எங்கள் அப்பார்ட்மென்டில் நான்கு பேருக்கு ஒரு கார், ஒரு ரைஸ் குக்கர், ஒரு ஜிபிஎஸ். காரும் குக்கரும் பொது. ஜிபிஎஸ் மட்டும் தனியார் சொத்து. எங்களில் ஒருவன் நியூ ஜெர்சியில் இருந்தபோது தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள் விடியற்காலையில் கடை வாசலில் குளிரில் நின்று தள்ளுபடியில் வாங்கியதாம். அதை நாங்கள் கழற்றும்போதும் மாட்டும்போதும் சொந்தக்காரன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான்.

உள்ளங்கையளவு திரை. முன் கண்ணாடியில் ஒட்ட ஒரு ரப்பர் கிண்ணம், சிகரெட் லைட்டர் துளையிலிருந்து ஒரு சுருட்டை வயர். அதற்குள் சேமித்து வைத்திருந்த முகவரிகளை மேலிருந்து கீழே படித்தால் எங்கள் நால்வரின் கதையும் தெரிந்துவிடும். அரோரா பெருமாள் கோயில், டெவன் அவென்யூ மளிகைக் கடை, டிரைவிங் லைசென்ஸ் ஆபீஸ், அப்புறம் 'டென்டிஸ்ட்' என்று ஒன்று. சனிக்கிழமை சாயங்காலம் சென்ட் அடித்துக்கொண்டு டென்டிஸ்டிடம் போகிறவனை நாங்கள் எதுவும் கேட்டதில்லை.

திரையின் மேல்பக்கத்தில் 'ஹோம்' என்று வீட்டுப் படம் போட்ட பொத்தான். ஊர் தெரியாதவனுக்கு இது பெரிய ஆறுதல், எங்கே மாட்டிக்கொண்டாலும் அதை அமுக்கினால் வீடு வந்துவிடும் என்று நம்பித்தான் முதல் தடவை தனியாக வண்டி எடுத்தேன். அமுக்கினேன். கொஞ்ச நேரம் கணக்குப் போட்டுவிட்டு ஏறக்குறைய 800 மைல் என்றது. வீடு போய்ச் சேரும் நேரம் மறுநாள் காலை. சொந்தக்காரன் நியூ ஜெர்சி எடிசனில் குடியிருந்தபோது பதிந்து வைத்த வீடு அது. மாற்றச் சொன்னால், "அங்க எங்க சித்தப்பா இருக்காருடா, இருந்துட்டுப் போகட்டும்" என்பான். 800 மைல் என்று சொன்ன அடுத்த நொடியே, அரை மைலில் வலப்பக்கம் திரும்பு என்று அது அமைதியாகச் சொன்ன விதம்தான் என்னால் மறக்க முடியாதது. அந்தக் குரலுக்கு நான் அம்மிணி என்று பெயர் வைத்தேன். கோபிசெட்டிபாளையம் பக்கம் பெண்பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவோம்.

குளிர்காலக் காலைகளில் அம்மிணி எழுந்திருக்கவே மாட்டாள். காரைக் கிளப்பினால், சாட்டிலைட்டைத் தேடிக்கொண்டிருப்பதாகத் திரையில் ஒரு வரி வரும். நான்கு கம்பங்களில் ஒன்று நிறையும், மறுபடி காலியாகும். பார்க்கிங்கிலிருந்து வெளியே வந்து, முதல் சிக்னலில் பச்சை விழுந்து, பின்னால் இருப்பவன் ஹார்ன் அடிக்கிற நேரத்திலும் அதே வரிதான் நிற்கும். இதற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை என்பது பிறகு படித்துத் தெரிந்தது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அந்தச் சாட்டிலைட்டுகள் தங்கள் தகவலை நொடிக்கு 50 பிட் வேகத்தில்தான் அனுப்புகின்றன. 1970-களில் வகுத்த வேகம். ஒரு சாட்டிலைட் தான் இப்போது எங்கே இருக்கிறேன் என்று சொல்லி முடிக்க அரை நிமிடம் வரை ஆகும். மொத்தக் கூட்டமும் எந்தெந்தத் தடத்தில் சுற்றுகிறது என்கிற அட்டவணை முழுக்க வந்து சேர பன்னிரண்டரை நிமிடம். நடுவில் ஒரு பாலமோ கட்டடமோ மறைத்தால் விட்ட துண்டை மறுபடி ஒலிபரப்பும் வரை காத்திருக்க வேண்டும். இடத்தைக் கணக்கிட நான்கு சாட்டிலைட்டாவது கண்ணில் பட வேண்டும். தரைக்கு அடியில் பார்க்கிங் வைத்திருக்கும் அப்பார்ட்மென்டில் குடியிருந்துகொண்டு இதை எதிர்பார்த்தால் எப்படி?

படித்துத் தெரிந்ததால் கோபம் குறையவில்லை, அது வேறு விஷயம்.

அந்த ரப்பர் கிண்ணம் இன்னொரு தொல்லை. ஜனவரியில் சிகாகோவின் குளிர் மைனஸ் 20 டிகிரிக்கு இறங்கும்போது ரப்பர் கெட்டித்துப் பிடி விட்டுவிடும். ஹைவேயில் 65 மைல் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது சத்தத்தோடு கழன்று காலடியில், பிரேக் பெடலுக்குப் பக்கத்தில் போய் விழும். அங்கே கிடந்தபடியே, அடுத்த எக்சிட்டில் இறங்கு என்று சொல்லும். கோடையில் வேறு பிரச்சினை. கிண்ணத்தைக் கழற்றினாலும் கண்ணாடியில் வட்டமாக ஒரு தடம் நிற்கும். அந்த வட்டத்தைப் பார்த்துத்தான் திருடர்கள் கண்ணாடியை உடைப்பார்கள். கருவி டேஷ்போர்டு பெட்டிக்குள் இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. எங்கள் அலுவலக நண்பர் ஒருவர் காரில் அப்படித்தான் உடைத்தார்கள். அவர் ஜிபிஎஸ்ஸைக் கையோடு எடுத்துக்கொண்டு போயிருந்தார். தடத்தை மட்டும் துடைக்காமல் விட்டிருந்தார். அதன் பிறகு காரை நிறுத்தினால் ஜிபிஎஸ்ஸை ஜாக்கெட் பைக்குள் போடுவது, சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைப்பது, இரண்டும் எங்களுக்கு அனிச்சையாகிவிட்டது.

டோல் கதையையும் சொல்லிவிடுகிறேன். இல்லினாய் டோல் ரோடுகளில் அப்போது ஐ-பாஸ் ஒட்டாத கார், ரொக்கமாகக் கட்டினால் இரண்டு மடங்கு. புதிதாக வந்த நம் ஆட்கள் எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். செட்டிங்கில் போய் 'டோல் வேண்டாம்' என்று டிக் போட்டு வைத்தோம். அம்மிணி அதைச் சத்தியவாக்காக எடுத்துக்கொண்டாள். ஒன்றரை டாலர் மிச்சம் பிடிக்க ஊரிலுள்ள சிக்னல் ஒன்று விடாமல் காட்டிக் கூட்டிப் போவாள். மிச்சமான காசு பெட்ரோலுக்கே போயிருக்கும். ஆனால் டிக்கை எடுக்க மட்டும் யாருக்கும் மனசு வரவில்லை.

நான் போய்ச் சேர்ந்த அந்த நவம்பரில்தான் ஐ-355 ஹைவேயைத் தெற்கே பன்னிரண்டரை மைல் நீட்டித் திறந்தார்கள். ஐ-55-இலிருந்து ஐ-80 வரை. லெமான்ட் அருகே டெஸ் பிளெய்ன்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒரு மைலுக்கு மேல் நீளமான பாலத்தில் கடக்கும். அலுவலக நண்பர் ஒருவர் டோலைத் தானே கட்டி அதில் எங்களைக் கூட்டிப் போனார். கான்கிரீட் வெளேரென்று இருந்தது. அவர் காரிலிருந்த ஜிபிஎஸ்ஸில் ரோடே இல்லை. பழுப்புத் திரையில் கார் அம்புக்குறி மட்டும் தனியாக மிதக்கிறது. முதலில் வலப்பக்கம் திரும்பு என்றது. பிறகு, முடிந்தால் யூ டர்ன் எடு. பாலத்தின் மேல் வந்தபோது கீழே நீலமாக ஆறு, அதன் நடுவில் நாங்கள். அங்கேயும் யூ டர்ன். வழியைத் திருப்பிக் கணக்கிடுவதாக அறிவித்துக்கொண்டே இருந்தது. வரைபடத்தைப் புதுப்பிக்கத் தனியாகப் பணம். வருடா வருடம் கட்டினால் கொஞ்ச நாளில் புதுக் கருவியே வாங்கிவிடலாம். இதில் வேடிக்கை, அந்தக் காலத்தில் கார்களுக்கு வரைபடத் தரவு திரட்டித் தந்த பெரிய கம்பெனிகளில் ஒன்றின் தலைமையகம் சிகாகோவிலேயே இருந்தது. சொந்த ஊரின் புது ரோடு கருவிக்குள் ஏறப் பல மாதம் ஆயிற்று.

புது ரோடை விடுங்கள், பழைய ரோட்டிலும் இதே கதைதான். நகரத்தின் தெற்குப் பக்கம் போகும் டேன் ரயன் எக்ஸ்பிரஸ்வேயில் எக்ஸ்பிரஸ் லேன்கள் தனி, லோக்கல் லேன்கள் தனி. ஒரே திசையில் பக்கம் பக்கமாக ஓடும், நடுவில் தடுப்பு. லோக்கலில் இருப்பவன்தான் கார்ஃபீல்டு பூலவார்டில் இறங்க முடியும். சயின்ஸ் மியூசியத்துக்குப் போகிறவர்கள் இறங்குகிற எக்சிட் அது. கருவியின் கணக்கில் சில மீட்டர் முன்னே பின்னே இருப்பது சகஜம். நாம் தடுப்புக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது அதற்குத் தெரியவே தெரியாது. வலப்பக்கம் எக்சிட் எடு என்று அது சொல்லும்போது எங்களுக்கு வலப்பக்கம் கான்கிரீட் சுவரும் அதற்கு அப்பால் நிம்மதியாக இறங்கிப் போகிற கார்களும்தான் தெரிந்தன.

எல்லாவற்றுக்கும் மேலே, இல்லை, எல்லாவற்றுக்கும் கீழே, லோயர் வாக்கர் டிரைவ். சிகாகோ ஆற்றை ஒட்டி 1926-இல் திறந்த இரண்டடுக்குத் தெரு. மேல் தெருவில் சுற்றுலாக்காரர்கள், கீழ்த் தெருவில் சரக்கு லாரிகள். கீழே வானமே கிடையாது, தூண்களும் மஞ்சள் விளக்கும்தான். நுழைந்த கொஞ்ச நேரத்துக்கு, கடைசியாகப் பார்த்த வேகத்தை வைத்து அம்மிணி ஊகத்தில் ஓட்டுவாள். பிறகு சிக்னல் போய்விட்டது என்பாள். அதுகூடப் பரவாயில்லை. தூண்களுக்கு இடையே ஆற்றுப் பக்கம் திறந்திருக்கும் இடங்களில் எதிர்க்கரைக் கண்ணாடிக் கட்டடங்களில் பட்டுத் தெறித்த சிக்னல் உள்ளே வரும். சுற்றி வந்த சிக்னல் என்பது கருவிக்குத் தெரியாது. ஒரு நானோ நொடி தாமதம் என்றால் 30 சென்டிமீட்டர் தூரம் கூடுதல் என்று கணக்குப் போடும். போட்டு, எங்களை ஆற்றுக்குள் இறக்கும், அல்லது நாலு தெரு தள்ளி நிறுத்தும். நிறுத்திவிட்டு, இருநூறு அடியில் இடப்பக்கம் திரும்பு என்று சொல்லும், அதே குரலில்.

என் மனக்குறை அந்தக் குரல்தான். நம் ஊரில் டீக்கடையில் வழி கேட்டால் சொல்கிறவரின் குரலிலேயே அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது தெரிந்துவிடும். நன்றாகத் தெரிந்தவர் வடையைத் தின்றுகொண்டே சொல்வார். பாதி தெரிந்தவர் எழுந்து நின்று கையை நீட்டி நீட்டிச் சொல்லிவிட்டு, "அங்க போயி ஒருக்கா கேட்டுக்குங்க" என்று முடிப்பார். சுத்தமாகத் தெரியாதவர் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார். கேட்கிறவன் அதற்கேற்ப நம்பிக்கையைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். அம்மிணிக்கு நேரான ரோட்டிலும் ஆற்றுக்குள்ளும் ஒரே தொனி. எண்ணூறு மைலுக்கும் ஒரே தொனி.

2009 கோடையில் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அதற்குள் எனக்குக் கல்யாணம் ஆகி, தனி வீடு, தனிக் கார், தனியாக ஒரு ஜிபிஎஸ். அதற்கும் அம்மிணி என்றே பெயர். அப்பா நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ரிட்டயர் ஆனவர். பவானி, சத்தியமங்கலம், கோபி தாலுகாக்களில் அவர் கால் படாத இட்டேரி இருக்காது. எங்கள் பக்கத்தில் இடது வலது என்பதெல்லாம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பது. வீட்டில் பேசுவது மேக்கால, கெழக்கால, வடக்கால, தெக்கால. சோற்றுத் தட்டைக்கூட மேக்கால தள்ளி வை என்றுதான் சொல்வோம். கிரயப் பத்திரத்தில் செக்குபந்தி என்று ஒரு பத்தி வருமே, இன்னார் பூமிக்கு வடக்கு, வண்டிப்பாதைக்கு மேற்கு என்று, அதைப் பேச்சாகவே பேசி வளர்ந்தவர்கள்.

ஏர்போர்ட்டிலிருந்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா திரையையே பார்த்துக்கொண்டு வந்தார். வளைவில் கார் திரும்பும்போது படம் சுழன்றது. மறுபடி வளைவு, மறுபடி சுழற்சி.

"இதென்ன கண்ணு, பூமி சுத்துது?"

"நாம போற பக்கம் எப்பவும் மேல இருக்கும்ப்பா. ஓட்டறவங்களுக்குச் சுலபம்."

"அப்ப வடக்கு எங்கிருக்குது?"

மூலையில் பொட்டளவு திசைகாட்டி ஒன்று இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பிடிக்கவில்லை. அவர் வாழ்நாளில் வரைந்த எஃப்.எம்.பி. என்கிற நில வரைபடம் ஒவ்வொன்றிலும் வடக்கு மேலேதான். வரைகிறவன் எந்தப் பக்கம் நின்று வரைந்தாலும்.

அடுத்த நாள் நான் ஆபீஸ் போயிருந்த நேரத்தில் செட்டிங்கைக் குடைந்து, படம் சுழலாமல் வடக்கு மேலே நிற்கும்படி மாற்றிவிட்டார். அப்படி ஒரு வசதி இருப்பதே எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் தெற்கே போகவேண்டியிருந்தது. திரையில் கார் மேலிருந்து கீழே இறங்குகிறது, இடப்பக்கத் திருப்பம் படத்தில் வலப்பக்கம் தெரிகிறது. தலை சுற்றிவிட்டது. திருப்பி மாற்றினேன். மறுநாள் அவர் மாற்றினார். அந்தக் கோடை முழுக்க இந்தப் பனிப்போர் நடந்தது. சுழலும் படம் ஜிபிஎஸ்ஸுக்கு முன்பே வந்தது. 1985-இல் கலிஃபோர்னியாவில் ஈடாக் என்றொரு கார்க் கருவி விற்பனைக்கு வந்தது. சாட்டிலைட் கிடையாது. சக்கரத்தில் உணர்கருவி, ஒரு காந்தத் திசைகாட்டி, கேசட்டில் பதிந்த வரைபடம். அதிலேயே கார் நடுவில் அசையாமல் நிற்க, படம்தான் நகர்ந்து சுழலும். பசிபிக் தீவுக் கடலோடிகள் தங்கள் படகு நிற்பதாகவும் தீவுகள் நகர்ந்து வருவதாகவும் பாவித்துத் திசை கணிப்பார்கள். அந்த முறையின் பெயரைத்தான் கருவிக்கு வைத்தார்கள். அப்பாவிடம் இதைச் சொன்னேன். கடலில் கல் நட முடியாது, அதனால் அவர்களுக்குச் சரி, இங்கே கல் இருக்கிறதே என்றார்.

அம்மாவின் கட்சி வேறு. பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, நான் திருப்பத்தைத் தவறவிட்டு அம்மிணி வழியைத் திருப்பிக் கணக்கிடும்போதெல்லாம் அவளுக்காகப் பரிந்து பேசுவார். "அந்தப் புள்ளையும் எத்தன வாட்டிதான் சொல்லும்? நீ கேக்கவே மாட்டீங்கற."

இந்தக் கருவி எல்லாம் இத்தனை நாள் எங்கே இருந்தது என்று ஒரு நாள் அப்பா கேட்டார். அமெரிக்க ராணுவத்துடையது, பொதுமக்களுக்கும் விட்டார்கள், ஆனால் 2000 மே 1 வரை வேண்டுமென்றே சிக்னலில் பிழை கலந்து கொடுத்தார்கள் என்றேன். நூறு மீட்டர் வரை தப்புக் காட்டும். நூறு மீட்டரில் நகரத்தில் இரண்டு தெரு அடங்கிவிடும், அதை வைத்துக் கார் ஓட்ட முடியாது. கிளின்டன் உத்தரவு போட்டு அந்தக் கலப்படத்தை நிறுத்திய பிறகுதான் கடைகளில் இது பெருகியது. அப்பாவுக்குப் பிழையைவிட வேண்டுமென்றே என்பதுதான் உறைத்தது. "சங்கிலியில ரெண்டு கண்ணியக் கழட்டிப்போட்டு அளக்கக் குடுத்தாப்பல" என்றார்.

டெவன் அவென்யூவுக்கு மளிகை வாங்கப் போனபோது அவர் கடைக்குள் வரவில்லை. தெரு முனையில் நின்று பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிகாகோவில் தெருப் பலகைகளில் பெயருக்குக் கீழே ஓர் எண்ணும் திசையும் போட்டிருக்கும். டெவனுக்கு 6400 வடக்கு. குறுக்கே போகும் வெஸ்டர்ன் அவென்யூவுக்கு 2400 மேற்கு.

"இதென்ன நம்பரு?"

எனக்குத் தெரிந்ததே கொஞ்ச நாள் முன்புதான். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த சக ஊழியர் சொன்னது. நகரத்தின் நடுவில் ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் சந்திக்கும் முனை பூஜ்யம். அங்கிருந்து நாலு திசையிலும் மைலுக்கு எண்ணூறு வீதம் கதவு எண். எட்வர்ட் பிரென்னன் என்கிறவர் பல வருடம் விடாமல் மன்றாடி, 1909-இல் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு. அதைச் சொன்னேன்.

அப்பா அண்ணாந்து பலகையைப் பார்த்தார். உதடு அசைந்தது. "மைலுக்கு எம்பது சங்கிலி. எண்ணூறு நம்பருன்னா சங்கிலிக்குப் பத்து." கொஞ்சம் நிறுத்தி, "இவங்களும் கன்டர் சங்கிலிதான் புடிச்சிருக்கறாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அவர் சொன்னது சரி. எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1620-இல் வகுத்த 66 அடிச் சங்கிலி. நூறு கண்ணி. பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். நம் ஊரில் வெள்ளைக்காரன் காலத்து சர்வே அந்தச் சங்கிலியில்தான் நடந்தது, பழைய எஃப்.எம்.பி.யில் அளவெல்லாம் லிங்க்ஸில் இருக்கும். அமெரிக்காவில் 1785-ஆம் வருடச் சட்டப்படி அரசு நிலத்தை மைலுக்கு மைல் சதுரமாக அறுத்துக் கட்டியதும் அதே சங்கிலியில். சிகாகோவின் பல தெருக்களுக்கு அகலம் 66 அடி. ஒரு சங்கிலி. கோபியில் செயின்மேனைக் கூட்டிக்கொண்டு வரப்பில் நடந்த ஆளுக்கு மிச்சிகன் ஏரிக்கரையில் ஒரு நகரம் சொந்த அளவிலேயே கிடைத்துவிட்டது.

அன்றிலிருந்து அவரைப் பிடிக்க முடியவில்லை. சிகாகோவிலேயே 1856-இல் பிறந்த ராண்ட் மெக்நாலி கம்பெனியின் ரோடு அட்லஸ் ஒன்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கதவு எண்ணைச் சொன்னால் மேடிசனுக்கு எத்தனை மைல் வடக்கு, ஸ்டேட் தெருவுக்கு எத்தனை மைல் மேற்கு என்று சொல்வார். மேடிசனுக்குத் தெற்கே முதல் மூன்று மைலில் மட்டும் கணக்கு இடிக்கும். முதல் மைலுக்கு ஆயிரத்து இருநூறு, அடுத்ததற்கு ஆயிரம், அதற்கடுத்து தொள்ளாயிரம். பழைய தெரு எண்களைக் கலைக்காமல் விட்டதால் வந்தது. இது அவருக்கு இன்னும் பிடித்துப்போயிற்று. ஒழுங்காக அளந்த ஊரில் எங்காவது ஒரு கோணல் இருந்தால்தான் மனிதர்கள் அளந்தது என்று நம்ப முடியும் என்பது அவர் கட்சி.

ராத்திரி சாப்பிடும்போது, "இன்னைக்கு எந்தத் தெசைக்குப் போனோம்?" என்று என்னைக் கேட்பார். பதில் சொல்ல வராது. முப்பது மைல் ஓட்டியிருப்பேன். இரண்டு இடது, ஒரு வலது, வலப்பக்கம் ஒட்டிப் போ, எக்சிட், சேர்ந்துவிட்டாய். இவ்வளவுதான் எனக்குள் இருக்கும். போய்ச் சேர்ந்த இடம் எதற்கு எந்தப் பக்கம் என்று தெரியாது. சேர்ந்தாயிற்றே, அப்புறம் என்ன என்றுதான் அப்போது பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீட்டன் ஊரில் கான்டிக்னி என்று ஒரு பெரிய பூங்கா. சிகாகோ டிரிப்யூன் பத்திரிகையை நடத்திய ராபர்ட் மெக்கார்மிக்கின் எஸ்டேட். முதல் உலகப் போரில் அவருடைய படைப்பிரிவு 1918-இல் சண்டை போட்ட பிரெஞ்சுக் கிராமத்தின் பெயரையே வைத்துவிட்டார். புல்வெளியில் நிஜ டாங்கிகள் வரிசையாக நிற்கும், பிள்ளைகள் ஏறி விளையாடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போகலாம் என்று கிளம்பினோம். முகவரி 1எஸ்151, வின்ஃபீல்டு ரோடு. அம்மிணியிடம் கதவு எண் தட்டுகிற இடத்தில் வெறும் இலக்கங்கள்தான், எழுத்துக்கு இடமே இல்லை. 1 போட்டு 'எஸ்' தேடினேன், கிடைக்கவில்லை. 151 என்று மட்டும் போட்டால் சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள்.

ஐ-88-இல் ஏறி இறங்கி, ரூஸ்வெல்ட் ரோட்டைத் தாண்டி, வின்ஃபீல்டு என்கிற சின்ன ஊருக்குள் போய், ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு தெருவில், சேர்ந்துவிட்டீர்கள் என்றாள். எதிரே ஒரு வீடு. வாசலில் ஒரு கிழவர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். டாங்கி எதுவும் இல்லை.

நான் மறுபடி முகவரியைத் தட்ட ஆரம்பித்தேன். அப்பா காரை விட்டு இறங்கிக் குறுக்குத் தெருவில் கொஞ்ச தூரம் நடந்து, ஒரு தபால் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தார். அதில் 27டபிள்யூ என்று தொடங்கும் ஓர் எண்.

"இருவத்தேழு மைலு மேக்கால. ஸ்டேட் தெருவுலருந்து. அந்த ஊர்க் கணக்க இவ்வளவு தூரம் இழுத்துட்டு வந்திருக்கறாங்க." முகவரி எழுதிய தாளை வாங்கிப் பார்த்தார். "ஒண்ணு எஸ்ஸுன்னா மேடிசனுக்கு ஒரு மைலு தெக்கால. நாம வடக்க ஏறி வந்துட்டோம். திருப்பு."

டூபேஜ் கவுண்டியில் நகராட்சிக்கு வெளியே இருக்கும் வீடுகளுக்கு எண் போடும் முறையே அதுதான். அங்கே பிறந்தவர்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. காரைத் திருப்பித் தெற்கே ஓட்டினேன். அம்மிணி யூ டர்ன், யூ டர்ன் என்றாள். "பாவம், தொண்டைத்தண்ணி வத்துது அதுக்கு, அமத்தி வெய்யி" என்றார் அம்மா. ரூஸ்வெல்ட் ரோட்டைத் தாண்டிய கொஞ்ச தூரத்தில் பூங்காவின் கேட் வந்தது. வரும்போது அதைக் கடந்துதான் போயிருக்கிறோம். திரையைப் பார்த்துக்கொண்டே ஓட்டிய எனக்கும், அட்லஸைப் பார்த்துக்கொண்டே வந்த அப்பாவுக்கும் அந்தப் பலகை கண்ணில் படவில்லை. அம்மா பார்த்தாராம். கேட்டால்தானே சொல்வது என்றார்.

அந்த வருடம் அக்டோபர் கடைசியில், கைபேசியிலேயே இலவசமாக வழி சொல்லப்போவதாக கூகுள் அறிவித்தது. அன்றைக்கே ஜிபிஎஸ் கருவி விற்கும் கம்பெனிகளின் பங்கு விலை சரிந்தது. எங்கள் வீட்டு அம்மிணியும் இரண்டொரு வருடத்தில் மேசை டிராயருக்குள் போனாள். போன் வந்தபின் புது ரோடுகள் உடனே வந்தன, டிராஃபிக் தெரிந்தது. லோயர் வாக்கருக்குக்கூட வழி பிறந்தது, தரைக்கு அடியில் புளூடூத் பெட்டிகள் பொருத்திச் சிக்னல் கொடுத்தார்கள். குறை சொல்ல விஷயம் குறைந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். இப்போது அது மூன்று நிமிடம் மிச்சம் என்று ஹைவேயிலிருந்து இறக்கி யாரோ ஒருவர் வீட்டுச் சந்து வழியாகக் கூட்டிப் போகும்; அவ்வளவுதான். படம் மட்டும் இன்றைக்கும் சுழல்கிறது. வடக்கு மேலே வைக்கிற செட்டிங் ஏதோ ஒரு பட்டியலின் ஆழத்தில் இருக்கிறது. போன் மாற்றும்போதெல்லாம் தேடிக் கண்டுபிடித்துப் போட்டுவிடுகிறேன். தெற்கே போனால் இப்போது எனக்குத் தலை சுற்றுவதில்லை.

போன வருடம் ஊருக்குப் போயிருந்தேன். தடப்பள்ளி வாய்க்காலுக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீடு. கூரியர் பையன் போன் பண்ணி லொகேஷன் அனுப்பச் சொன்னான். அப்பா போனை வாங்கி, "வாய்க்காப் பாலந் தாண்டித் தெக்கால வாங்க தம்பி, கெழக்க பாத்த கேட்டு" என்றார். "லொகேஷன் அனுப்பிருங்க சார்" என்று மறுபடி சொன்னான். அனுப்பினேன். பத்து நிமிடம் கழித்துப் பக்கத்துத் தோட்டத்து நாய் குரைத்தது. பையன் வேலிக்கு அந்தப் பக்கம், மஞ்சள் காட்டுக்குள் வண்டியோடு நின்றுகொண்டு போனைக் காட்டுகிறான். நீலப் புள்ளியும் சிவப்புக் குறியும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன, வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றது குரல்.

பார்சலை வேலிக்கு மேலாக வாங்கிக்கொண்டே அப்பா கேட்டார்.

"எத்தன தூரந் தப்பு?"

"பத்து மீட்டர் இருக்கும்ப்பா."

"பத்து மீட்டருன்னா அரைச் சங்கிலி. இந்த அரைச் சங்கிலிக்குத்தான் இந்தத் தோட்டத்துக்காரங்க தாத்தன் எங்கப்பன் மேல கேஸ் போட்டு, கோபி கோர்ட்டுக்கு எங்கள நடக்க வெச்சது."